கூலி பேசும் நேரம்

(சேலத்தில் இறுதியாண்டு மாணவர்களும் பெற்றோரும் சிறுதொழில் நடத்துவோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாமக்கல்லில் இன்று முட்டை என்ன விலை என்று இந்த அரங்கில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். காலையில் செய்தித்தாளை ஒரு புரட்டுப் புரட்டுகிறவருக்கும் தெரியும். இது தானாக வந்த வசதி இல்லை. 1980-களின் தொடக்கம்வரை முட்டைக்கு விலை சொன்னவர்கள் வியாபாரிகள்தான். கோழிப்பண்ணைத் தொழிலில் இருந்த பி. வி. ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணையாளர்களைத் திரட்டினார். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. அதன் பிறகுதான் முட்டை யாருடையதோ அவரே விலை சொல்வது என்று ஆயிற்று. ஜவ்வரிசிக்கும் இந்தக் கதை உண்டு. ஆலைக்காரர்கள் தனித்தனியாக வியாபாரியிடம் மாட்டிக்கொண்டு தவித்த காலத்தில், 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மூட்டைகளை ஒரே இடத்தில் வைத்து ஏலத்தில் விலை கேட்கும் முறை வந்தது.

ஆக, விற்கிறவனுக்கு விலை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகச் சங்கம் கட்டிப் போராடிய மண் இது. அப்படிப்பட்ட மண்ணில், அதே பண்ணையில் கூண்டுக்குத் தீவனம் போட வருகிற ஆளிடம், அதே ஆலையில் மாவு காய வைக்க வருகிற பெண்ணிடம், “சம்பளம் எவ்வளவுன்னு சொன்னாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “மொதல்ல வேலையப் பாரு, அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னாருங்க” என்பார்கள். சேலம் புதிய பேருந்து நிலையத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் படியுங்கள். ஆட்கள் தேவை, உணவும் தங்குமிடமும் இலவசம், தகுதிக்கேற்ற சம்பளம். தொலைபேசி எண் இருக்கும். தொகை இருக்காது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொகை இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். குரூப் 4-ல் இளநிலை உதவியாளர் என்றால் ஊதிய நிலை 8, ரூபாய் 19,500 முதல் 71,900 வரை என்று அச்சிட்டிருக்கும். தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, புத்தகம் வாங்குவதற்கு முன்பே, ராசிபுரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் எடப்பாடியில் இருக்கிற பிள்ளைக்கும் அது ஒன்றுபோல் தெரிந்துவிடுகிறது. அரசு வேலைக்கு ஏன் இப்படி அலைகிறார்கள் என்று கேட்கிறோம். பணிப் பாதுகாப்பு ஒரு காரணம். சம்பளத்தைச் சொல்லிவிட்டுக் கூப்பிடுகிற முதலாளி என்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

சம்பளத்தை எப்போது பேசுவது என்று கேட்டுத்தான் என்னை இங்கே அழைத்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரைக் கட்டிப்போடும் எதுவும் கைமாறுவதற்கு முன்னால் கூலி பேசி முடிந்திருக்க வேண்டும். அது முன்பணமாக இருக்கலாம், பத்திரமாக இருக்கலாம், அசல் சான்றிதழாக இருக்கலாம், பழைய வேலையின் ராஜினாமாக் கடிதமாக இருக்கலாம். நம் பகுதியில் படிக்காதவரும் சரி, பொறியியல் படித்தவரும் சரி, இந்த வரிசையைத் தலைகீழாகவே செய்கிறார்கள். கட்டு முதலில் விழுகிறது. கூலி பின்னால் தெரிகிறது.

காவிரிக்கரைக்குப் போவோம். பள்ளிபாளையம், குமாரபாளையம். விசைத்தறிச் சத்தம் இரவிலும் ஓயாத ஊர்கள். அங்கே ஒரு தறிப்பட்டறைக்கு ஆள் சேர வருகிறார் என்று வையுங்கள். பேச்சு எப்படித் தொடங்கும்?

“எத்தனை தறி ஓட்டுவ?”

“முன்ன இருந்த இடத்துல ஆறு ஓட்டுனேங்க.”

“சரி, பாக்கி எவ்வளவு வேணும்?”

கூலி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மீட்டருக்கு இத்தனை என்று ஊருக்குள் ஓடுகிற கூலிதான். முதல் நாள் பேச்சு முழுக்கப் பாக்கியைப் பற்றியது, அதாவது முன்பணத்தைப் பற்றியது. பழைய பட்டறையில் வாங்கிய பாக்கியைப் புதிய முதலாளி கொடுத்துத் தீர்ப்பார். அதற்கு மேல் வீட்டில் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ இருந்தால் அதுவும் சேரும். சீட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த நிமிடத்திலிருந்து, வேலை பிடிக்கவில்லை என்றால் போய்விடும் உரிமை அந்தத் தொகையின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வாரக்கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். உடம்புக்கு முடியாமல் ஒரு வாரம் படுத்தால் பாக்கி மறுபடி ஏறும்.

இதை நேரில் வந்து பார்த்து எழுதியவர் சசெக்ஸ் பல்கலைக்கழக மானிடவியலாளர் கீர்ட் டி நீவ். 1990-களில் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி ஆய்வு செய்தார். 1999-ல் வந்த அவருடைய கட்டுரை முழுக்க இந்தப் பாக்கியைப் பற்றியதுதான். 2005-ல் புத்தகமும் வந்தது. அவர் காட்டிய ஒரு விஷயம் முக்கியமானது. ஆள் கிடைக்காத காலத்தில் பாக்கி தொழிலாளியின் கையிலும் ஓர் ஆயுதமாக இருந்திருக்கிறது. “இவ்வளவு கொடுத்தால்தான் வருவேன்” என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் மாறியிருக்கிறார்கள். அதனால் தறித்தொழிலாளி வாயில்லாப் பூச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்குப் பேரம் பேசத் தெரியும். ஆனால் அந்தப் பேரத்திறமை எல்லாம் கடன் தொகையின் மேல் செலவாகிறது, கூலியின் மேல் செலவாவதில்லை. வாங்குகிற அன்றைக்குப் பெரிய பாக்கி வெற்றி மாதிரி தெரியும். வருடம் முழுக்க அதைத் திருப்பிக் கட்டுகிறவரும் அவரேதான்.

கூலியைப் பற்றிப் பேசுகிற இடம் வேறொன்று இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் தொழிற்சங்கமும் உரிமையாளர்களும் உட்கார்ந்து போனஸ் எத்தனை சதவீதம் என்று பேசுவார்கள். சில வருடங்களில் இழுபறியாகி அதிகாரிகள் முன்னால்கூடப் போகும். முடிந்ததும் எத்தனை சதவீதம் என்பது பத்திரிகையில் வரும், எல்லாருக்கும் தெரியும். கூட்டமாகக் கேட்கும்போது வெளிப்படையாகப் பேச முடிகிறது, தனி ஆளாக வாசலில் நிற்கும்போது முடிவதில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சட்டம் இந்தப் பாக்கியைப் பற்றி என்ன சொல்கிறது? கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. முன்பணம் வாங்கியதைக் காரணம் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தாலோ, அடிமட்டக் கூலிக்கு வேலை வாங்கினாலோ அது கொத்தடிமைத்தனம். அடித்து உதைத்து அடைத்து வைத்தால்தான் கொத்தடிமை என்பது தப்புக் கணக்கு. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்றார். வயிறு காய்கிறவன் ஒத்துக்கொண்டான் என்பதற்காக அது அவன் விருப்பமாகிவிடாது. அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் செய்தியில் அடிபட்டது. கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துச் சிறுநீரகம் வாங்கும் தரகர்கள் வேலை செய்திருக்கிறார்கள். உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. அந்தக் கடன்கள் எல்லாம் பாக்கிதான் என்று நான் சொல்லவில்லை. கந்து வட்டியும் இருக்கிறது, மைக்ரோ ஃபைனான்ஸும் இருக்கிறது. ஆனால் கூலியால் குடும்பம் நடக்காத இடத்தில்தான் கடன் கூலியாக வேஷம் போடுகிறது. உடம்பை விற்கும் அளவுக்குப் போகும் அந்தப் பாதையின் முதல் அடி, வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கூலியைப் பேசாமல் முன்பணத்தைப் பேசியதில் இருக்கிறது.

திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளில் சத்தீஸ்கரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பையன்களுக்கும் முன்பணம்தான் நுழைவாயில். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே, அது கொஞ்சம் வேறு மாதிரி. மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாக ஐம்பதாயிரம் என்று முதலிலேயே தொகையைச் சொன்னார்கள். சொன்னார்கள், சரி. ஆனால் நடுவில் உடம்பு சரியில்லாமல் வீட்டுக்குப் போன பெண்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. எவ்வளவு என்பதோடு எப்போது கைக்கு வரும், எது நடந்தால் வராது என்பதையும் கேட்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கல்யாணச் செலவுக்கு என்று பதினாறு வயதுப் பிள்ளைகளை ஆசை காட்டி அழைத்துப் போனார்கள்.

இப்போது முன்வரிசையில் இருக்கும் மாணவர்களிடம் வருகிறேன். “அது தறிக்காரர் கதை, நாங்கள் இன்ஜினியரிங்” என்று நினைக்காதீர்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும், அந்தப் பக்கம் திருச்செங்கோடு வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் கல்லூரிகள். வளாகத் தேர்வுக்கு நிறுவனம் வருகிறது. மேடையில் ஒருவர் “ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்” என்கிறார். அன்று மாலையே அப்பா மாதம் 30,000 என்று கணக்குப் போட்டுவிடுகிறார்.

அந்தக் கணக்கை நாம் இங்கே பிரித்துப் பார்ப்போம். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வையுங்கள். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், மாதம் 1,800. வருடத்துக்கு 21,600. பணிக்கொடைக்கு என்று 4.81 சதவீதம் எழுதியிருப்பார்கள், ஏறத்தாழ 8,600. ஐந்து வருடம் இருந்தால் கிடைக்கும் என்று வழக்கமாக எழுதும் தொகையை முதல் வருடச் சம்பளத்திலேயே கூட்டியிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு ஒரு 6,000. ‘வேரியபிள்’ என்று பத்து சதவீதம், 36,000. அது நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் மதிப்பீட்டையும் பொறுத்து வருடக் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். இதெல்லாம் போனால் மாதத்துக்கு 24,000-க்குக் கொஞ்சம் குறைவு. அதில் உங்கள் பங்கு வைப்பு நிதி இன்னொரு 1,800 கழியும். கையில் விழுவது 22,000 சொச்சம். பெங்களூரில் அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் பொய் சொல்லவில்லை. எல்லாம் பணி நியமனக் கடிதத்தின் பின்இணைப்பில் இருக்கிறது. அந்த இணைப்பு எப்போது உங்கள் கைக்கு வருகிறது என்பதுதான் விஷயம். பல கல்லூரிகளில் ஒரு விதி உண்டு. ஒரு நிறுவனத்தில் தேர்வாகிவிட்டால் அடுத்து வரும் நிறுவனங்களின் தேர்வில் உட்கார முடியாது. எல்லாருக்கும் ஒரு வேலையாவது கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் அதன் பலன் என்ன? கையில் விழும் தொகை தெரிவதற்கு முன்பே மற்ற கதவுகள் மூடிவிடுகின்றன. இரண்டு வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும் என்ற பாண்டு பத்திரம் சிலசமயம் சேருகிற அன்றைக்குத்தான் மேசைக்கு வருகிறது. மற்ற வாய்ப்புகளை விட்டாயிற்று, ஊரில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, பெட்டியோடு போய் நிற்கிறான் பையன். கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? குமாரபாளையத்துப் பாக்கிச் சீட்டுக்கும் இதற்கும் தாள்தான் வேறு. அந்தப் பாண்டு நீதிமன்றத்தில் நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே வளாகத் தேர்வில் கேட்க வேண்டிய நேரம், மேடையில் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லி முடித்து “கேள்விகள் உண்டா?” என்கிறார்களே, அந்த நேரம். தேர்வு எழுதுவதற்கு முன். “மாதம் கையில் எவ்வளவு வரும், வேரியபிள் எவ்வளவு, பாண்டு உண்டா?” மூன்றே கேள்விகள். தனியாக எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் வேலைவாய்ப்பு அலுவலரைக் கேட்கச் சொல்லுங்கள். தீபாவளி போனஸ் உதாரணத்தை இதற்காகத்தான் சொன்னேன். முந்நூறு மாணவர்களின் சார்பில் கல்லூரி கேட்டால் எந்த நிறுவனமும் தப்பாக நினைக்காது.

நான்கைந்து வருட அனுபவத்தோடு வேலை மாறுகிறவர்களுக்கு நேரக்கணக்கு வேறு. ஓசூரிலிருந்தோ கோவையிலிருந்தோ முதல் அழைப்பு வரும். அப்போதே, “இந்தப் பணிக்கு எந்த அளவுக்கு ஒதுக்கியிருக்கீங்க?” என்று கேட்டுவிடலாம். ஒரு நாள் விடுப்புப் போட்டு, பஸ் ஏறிப் போகப் போகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் உங்கள் தொகையை அப்போது சொல்லாதீர்கள். என்ன வேலை, எத்தனை பேரைக் கட்டி மேய்க்க வேண்டும், இரவு ஷிஃப்ட் உண்டா என்று தெரியாமல் விலை சொல்ல முடியாது. நேர்காணலில் வேலையைப் பற்றிப் பேசுங்கள். உங்களைத்தான் எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்து, நீங்கள் இன்னும் சரி சொல்லாத அந்த இரண்டு மூன்று நாள் இருக்கிறதே, அதுதான் உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம். அதற்குள் பலரைப் பார்த்துக் கழித்திருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து தேட அவர்களுக்கு மனம் வராது. அப்போது தொகையைச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வந்து, பின்இணைப்பைப் படித்து முடிக்கிறவரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். வாய்வார்த்தையை நம்பி ராஜினாமா கொடுத்தவரிடம் பேரத்துக்கு எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

“இப்ப எவ்வளவு வாங்கறீங்க?” என்று கேட்பார்கள். நம் ஊரில் இதைத் தடுக்கச் சட்டம் இல்லை. இந்தக் கேள்வி குறிப்பாகப் பெண்களை எப்படி வாட்டுகிறது என்று பாருங்கள். ஒரு பெண் பி.எட். முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தனியார் பள்ளியில் எட்டாயிரத்துக்குச் சேர்கிறார். அடுத்த பள்ளி அந்த எட்டாயிரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு பத்தாயிரம் தருகிறது. பெரிய மனது பண்ணித் தந்த மாதிரி. பக்கத்து வகுப்பில் அதே பாடம் நடத்தும் ஆண் பதினைந்தில் தொடங்கியிருப்பார். முதல் இடத்தில் பேசாமல் விட்ட தொகை அடுத்தடுத்த இடத்துக்கெல்லாம் கூடவே போகிறது. அதனால்தான் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2018 ஜூலை முதல், வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கே தடை போட்டது. கொலராடோவில் 2021 முதல் வேலை விளம்பரத்திலேயே தொகை இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. சம்பள வரம்பை நேர்காணலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க 2026 ஜூன் 7 வரை கெடு வைத்தது. இங்கே சட்டம் வரும்வரை நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. “பழைய இடத்துக் கணக்கு வேற, இந்த வேலைக்கு நான் எதிர்பார்க்கிறது இவ்வளவு” என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தொகையைக் கேட்டதற்காகவே முகம் சுளிக்கிற இடம், சேர்ந்த பிறகு சம்பள உயர்வு கேட்டால் எப்படி நடந்துகொள்ளும்?

கடைசியாக, பின்வரிசையில் இருக்கும் தொழில் நடத்துவோருக்கு. லாரி பாடி பில்டிங் பட்டறை, பண்ணை, ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக்கொலுசுப் பட்டறை என்று எல்லாத் தொழிலும் இங்கே இருக்கிறது. “ஆள் கிடைக்கலீங்க” என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. விளம்பரத்தில் தொகையைப் போடுங்கள் என்றால் இரண்டு மறுப்பு வரும். ஒன்று, பக்கத்துப் பட்டறைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்பது. அவருக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் வெல்டரும் அவர் வெல்டரும் ஒரே டீக்கடையில்தான் நிற்கிறார்கள். இன்னொன்று, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆட்கள் புதியவருக்கு மட்டும் கூடுதலா என்று கேட்பார்கள் என்பது. கேட்பார்கள்தான். பத்து வருடம் கூட இருந்தவருக்கு, நேற்று வந்தவரைவிடக் குறைவாகக் கொடுப்பதை மறைக்கத்தான் விளம்பரத்தில் தொகை இல்லை என்றால், சரிசெய்ய வேண்டியது விளம்பரத்தை அல்ல.

சட்டமும் இப்போது உங்கள் பக்கம் பொறுப்பைத் திருப்பியிருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் கொடுப்பது இனி பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் படிகளை ஊதிப் பெருக்கும் வேலையும் செல்லாது. விலக்கான படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆள் விலகினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். தொகுப்புகளைப் பற்றி எனக்கு வேறு மனக்குறைகள் உண்டு, தொழிற்சங்கங்கள் சொல்லும் பல குறைகள் நியாயமானவை. ஆனால் நியமனக் கடிதம் என்ற இந்த ஒன்றை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். தறிப்பட்டறையில் ஆள் சேரும்போது பாக்கிச் சீட்டு எழுதுகிற அதே மேசையில், அதற்கு முன்னால், மீட்டருக்கு எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் கூலி, எவ்வளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று எழுதிய தாள் ஒன்று அவர் கைக்குப் போகட்டும். தமிழில் இருக்கட்டும். வடக்கிலிருந்து வந்தவர் என்றால் இந்தியில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகு முன்பணம் வேண்டுமா என்று கேளுங்கள்.